வசந்தா சாப்பிட்டாள், நான் எழுதினேன்

போன வருசம் பங்குனித் தொடக்கத்தில் ஒரு நாள் காலையில் வசந்தா காய்கறி வாங்க மார்க்கெட்டுக்குக் கிளம்பினாள். "அடுப்புல பால் வெச்சிருக்கேன். பொங்குனா அமத்திருங்க" என்று சொல்லிவிட்டுத்தான் போனாள்.

நான் ஹாலில் உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தேன். எனக்கும் அடுப்படிக்கும் நடுவில் ஒரே ஒரு சுவர்தான்.

திரும்பி வந்தவள் கேட்டைத் திறக்கும்போதே கத்தினாள். "ஏங்க! என்னங்க அங்க கருகுது?"

நான் தலையைத் தூக்கி, "ஒண்ணும் கருகலையே" என்றேன்.

அவள் காய்கறிப் பையை வாசலிலேயே போட்டுவிட்டு உள்ளே ஓடினாள். நானும் பின்னாலேயே போனேன். பால் பொங்கி வழிந்து, மிச்சம் சுண்டி, பாத்திரத்தின் அடி கரிக்கட்டையாக இருந்தது. அடுப்படி முழுக்கப் புகை. கண் எரிந்தது. மூக்குக்கு மட்டும் ஒரு செய்தியும் வரவில்லை.

வசந்தா அடுப்பை அணைத்துவிட்டு ஜன்னலைத் திறந்தாள். திட்டப் போகிறாள் என்று காத்திருந்தேன். அவள் திட்டவில்லை. கரித்துணியால் அந்தப் பாத்திரத்தைப் பிடித்து என் முகத்துக்கு நேராக நீட்டினாள்.

"இது தெரியுதா?"

மூச்சை இழுத்தேன். சூடான காற்று உள்ளே போனது. அவ்வளவுதான்.

"தெரியல."

"எத்தன நாளா?"

மாசிக் கடைசியில் வந்த காய்ச்சலோடு போனது. தானாக வந்துவிடும் என்று இருந்தேன். அவளிடம் சொல்லவில்லை.

"நேத்து சாம்பார்ல பெருங்காயம் போட மறந்துட்டேன். எப்பவும் மொத வாயிலேயே கண்டுபிடிச்சிருவீங்க. நேத்து ஒண்ணும் சொல்லாம சாப்ட்டுட்டு எந்திரிச்சீங்க. அப்பவே எனக்குச் சந்தேகம்" என்றாள். பாத்திரத்தைத் தொட்டியில் வைத்துக் குழாயைத் திறந்துவிட்டாள்.

சோறு தேடி ஓடிய வண்டி

வேறு ஒருவருக்கு இது சின்ன விஷயமாக இருந்திருக்கும். என் பிழைப்பு அப்படியில்லை.

இந்தத் தொடரைப் படித்து வருகிறவர்களுக்குத் தெரியும், நான் மருந்து கம்பெனி ரெப். முக்கால்வாசி வாழ்க்கை இரண்டு சக்கரத்தின் மேல் போயிற்று. தோளில் மருந்துப் பை, வெயிலில் வாடிய டை, டாக்டர் எப்போது கூப்பிடுவார் என்று தெரியாத பெஞ்சு. புதுக்கோட்டை மாவட்டத்தில் எந்த டாக்டர் எந்த ஊரில் எத்தனை மணிக்கு வருவார் என்பது எனக்கு அத்துப்படி. அதைவிட அத்துப்படி, அந்த டாக்டர் வருவதற்குள் எங்கே போய் என்ன சாப்பிடலாம் என்பது.

கந்தர்வக்கோட்டை பக்கம் போகிற நாளில், கோடையாக இருந்தால், முந்திரித் தோப்பு ஓரத்தில் வண்டியை நிறுத்துவேன். கொட்டையைத் திருகி எடுத்துக்கொண்டு பழத்தைக் கூடையில் போட்டு வைத்திருப்பார்கள். தொண்டையைக் கரகரக்க வைக்கும் அந்தப் பழத்தை உப்புத் தண்ணீரில் நனைத்துத் தின்ன எனக்குக் கற்றுக்கொடுத்தவர் தோப்புக்காரர் ஒருவர். கீரமங்கலம் போனால் பலா. சந்தையில் இறங்கும் பழங்களைத் தட்டிப் பார்க்க வேண்டியதே இல்லை. வண்டியை ஸ்டாண்டு போடும்போதே எது பழுத்திருக்கிறது என்று மூக்கு சொல்லிவிடும். என் சட்டையில் மருந்து வாடையும் பலா வாடையும் கலந்து வரும். "இன்னிக்கு கீரமங்கலமா?" என்பாள் வசந்தா, வாசலில் நின்றபடியே.

இந்தத் தீனி அனுபவம்தான் பின்னால் எழுத்தாக மாறியது. எங்கள் ஊரில் ஒரு சின்ன வாரப் பத்திரிகை உண்டு. அதன் ஆசிரியர் ஒரு கல்யாணப் பந்தியில் என் பக்கத்தில் உட்கார்ந்து, நான் ஒவ்வொரு பதார்த்தத்தையும் பற்றிப் புலம்புவதைக் கேட்டுவிட்டு, "இதையே எழுதிக் குடுங்க சார்" என்றார். அப்படித் தொடங்கியதுதான் கோடைப் பக்கம். பள்ளிக்கூடம் லீவு விட்டதும் ஆரம்பித்து, திறக்கிற வரை வாராவாரம் வரும். எங்கே எது நன்றாக இருக்கிறது, எந்தக் கோயில் திருவிழாவில் எந்த ஊர் நாடகம், பொருட்காட்சி எந்த மைதானத்தில், பிள்ளைகளைச் சாயங்காலம் எங்கே கூட்டிப் போகலாம், இதெல்லாம்தான்.

பஸ் ஸ்டாண்டில் டீ குடிக்க நின்றால் யாராவது கேட்பார்கள். "சார், துபாய்லேர்ந்து மச்சான் குடும்பம் வருது. எங்கிட்டு கூட்டிட்டுப் போறது?" அந்தக் கேள்வியைக் கேட்கும்போது எனக்குக் கலெக்டர் ஆன மாதிரி இருக்கும்.

இப்போது மூக்கு போய்விட்டது. வாசம் போனால் ருசியில் பெரும்பகுதி போய்விடும் என்பது எனக்கு அப்போதுதான் தெரிந்தது. நாக்கில் உப்பு, புளிப்பு, இனிப்பு, கசப்பு, காரம் மட்டும் இருந்தன. காபி என்பது சுடுகிற கசப்புத் தண்ணீர். பிரியாணி என்பது காரமான ஈரக் காகிதம்.

திருச்சியில் ஒரு டாக்டரிடம் போனோம். "நரம்பு சம்பந்தப்பட்டது. ஆறு மாசத்துல வரலாம், ஒரு வருசம் ஆகலாம், வராமலும் போகலாம்" என்றார். காலையும் மாலையும் நாலு விதமான வாசனைகளை மோந்து பழகச் சொன்னார்.

வசந்தா நாலு டப்பா தயார் செய்தாள். கிராம்பு, எலுமிச்சைத் தோல், ஓமம், சந்தனம். தினமும் என் எதிரில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகத் திறந்து நீட்டுவாள்.

"தெரியுதா?"

"தெரியல."

"சரி, நாளைக்குப் பாப்போம்."

ஒரு நாள்கூட அந்தக் குரலில் சலிப்பு வந்ததில்லை. எனக்குத்தான் சலித்தது.

'நல்லாருக்கு'

பங்குனி முடியப் போகிறது. ஆசிரியருக்குப் போன் போட்டு, இந்த வருசம் என்னால் முடியாது என்று சொல்லிவிடலாம் என்று போனைக் கையில் எடுத்தேன். வசந்தா கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள்.

"நான் சாப்ட்டுச் சொல்றேன். நீங்க எழுதுங்க" என்றாள்.

போனைக் கீழே வைத்துவிட்டேன்.

வசந்தா கருவூலத்தில் கிளார்க்காக வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். வேலைக்குப் போன காலம் முழுக்க வீட்டு டிபன் பாக்ஸைத் தவிர வேறு எதையும் தொட்டதில்லை. ஆபீஸில் யாருக்காவது பிரமோஷன் என்றால் வரும் பப்ஸைக்கூட ப்யூன் அம்மாவிடம் கொடுத்துவிடுவாள். ஹோட்டல் என்றாலே, "என்ன தண்ணியோ, எந்த எண்ணெயோ" என்பாள். நான் ஊர் முழுக்கத் தின்று திரிந்ததை அவள் எப்படிப் பொறுத்துக்கொண்டாள் என்பதே ஆச்சரியம்.

"நீயா?"

"ஏன், எனக்கு நாக்கு இல்லையா?"

ஆசிரியரிடம் உள்ளதைச் சொன்னேன். கொஞ்சம் யோசித்தார். "அப்ப அடியில அப்படியே போட்ருவோம் சார். சாப்பிட்டது வசந்தா, எழுதியது நீங்கன்னு. வாசகர்கிட்ட மறைக்கிறதுக்கு இதுல என்ன இருக்கு?" என்றார்.

முதல் நாள் கீழ ராஜ வீதிப் பக்கம் ஒரு சாயங்காலக் கடைக்குக் கூட்டிப் போனேன். இடியாப்பமும் பாயாவும். அவள் ஸ்டூலின் நுனியில் உட்கார்ந்தாள். தம்ளரை இரண்டு முறை கழுவினாள். பாயா வேண்டாமென்று தேங்காய்ப்பால் வாங்கிக்கொண்டாள். ஒரு வாய் சாப்பிட்டாள். நான் பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு காத்திருந்தேன்.

"நல்லாருக்கு."

"அப்புறம்?"

"அப்புறம் என்ன? நல்லாருக்கு."

"வசந்தா, இத வெச்சு நான் எப்படி அரைப்பக்கம் எழுதுறது?"

"எனக்கு வேற எப்படிச் சொல்றதுன்னு தெரியலங்க. ஆபீஸ்ல பில்லு சரியா இருந்தா கையெழுத்து, சரியா இல்லன்னா திருப்பி அனுப்புவோம். நடுவுல ஒண்ணும் கெடையாது."

அந்த முதல் வாரம் நான் கடையின் பெஞ்சைப் பற்றியும் இடியாப்பத்தின் வெள்ளையைப் பற்றியும் எழுதி ஒப்பேற்றினேன்.

மூன்றாவது வாரம் பொருட்காட்சி வந்தது. டெல்லி அப்பளம் வாங்கிக் கொடுத்தேன். முகத்தை மறைக்கும் அளவு பெரிய அப்பளம். மிளகாய்ப்பொடி தூவியிருந்தது. அதை இரண்டு கையாலும் பிடித்துக் கடித்தவள் சிரித்துவிட்டாள். "இது சாப்பாடே இல்லீங்க. இது சத்தம்" என்றாள்.

நான் அவசர அவசரமாக எழுதினேன்.

"எழுதாதீங்க, சும்மா சொன்னேன்."

"அதான் வேணும். சும்மாவே சொல்லு."

அதற்குப் பிறகு மடை திறந்துகொண்டது. ஒரு கடைச் சட்னியைச் சாப்பிட்டுவிட்டு, "இந்தம்மா இன்னிக்கு யார் மேலயோ கோவத்துல அரைச்சிருக்கு" என்றாள். ஒரு பெரிய ஹோட்டல் பாயசத்தை, "பவுடர் போட்ட கல்யாணப் பொண்ணு மாதிரி, மொகமே தெரியல" என்றாள். ராட்டினத்தில் ஏறினாள். இறங்கியதும் இன்னொரு தடவை ஏறினாள். கல்யாணமான நாளிலிருந்து பார்த்த வசந்தாவுக்குள் இத்தனை பேச்சு இருந்ததை நான் கவனிக்கவே இல்லை. வீட்டுக்குள் நான் மட்டும்தானே பேசிக்கொண்டிருந்தேன்.

ஒரு வாரம் சாப்பாட்டை விட்டுவிட்டுக் குடுமியான்மலைக்குப் போனோம். வெயில் ஏறுவதற்கு முன்னால் போய்விட வேண்டும், பாறை சுட ஆரம்பித்தால் நிற்க முடியாது என்று கோடைப் பக்கத்தில் எழுதுவதற்காக நாங்களும் விடிந்ததும் போய் நின்றோம். பாறையில் வரிவரியாகச் சங்கீத எழுத்து. வசந்தா வெகுநேரம் அதையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"இத வாசிக்கத் தெரிஞ்சவங்க இப்ப இருக்காங்களா?"

"படிச்சவங்க இருக்காங்க. ஆனா எப்படிப் பாடுனாங்கன்னு யாருக்கும் முழுசாத் தெரியாதுங்குறாங்க."

"பாட்டு கேக்கல, எழுத்து மட்டும் இருக்கு. ஒங்க சோத்துக் கத மாதிரிதான்" என்று சொல்லி, சிரித்துக்கொண்டே முந்தானையைத் தலைக்குப் போட்டுக்கொண்டாள். எனக்கும் சிரிப்பு வந்தது. மூக்கு போனதிலிருந்து நான் வாய்விட்டுச் சிரித்தது அன்றைக்குத்தான்.

முட்டை மாஸில் வந்த சிக்கல்

புதுக்கோட்டைக்காரர்களிடம் முட்டை மாஸ் என்றால் விளக்க வேண்டாம். வெளியூர் வாசகர்களுக்காகச் சொல்கிறேன். வேகவைத்த முட்டையைத் துண்டுபோட்டு, வெங்காயமும் தேங்காயும் சோம்பும் சேர்ந்த மசாலாவில் புரட்டி எடுப்பது. பரோட்டாவுக்கும் ஆகும், சோற்றுக்கும் ஆகும்.

இதற்கு நான் எழுத ஆரம்பித்த வருசத்திலிருந்து ஒரே இடத்தைத்தான் சொல்லி வந்தேன். என் நண்பர் சுப்பையாவின் மெஸ். பழைய கட்டடம் ஒன்றின் மாடிப்படிக்குக் கீழே இருப்பதால் எல்லோருக்கும் அது மாடிப்படி மெஸ். சுப்பையா பரிமாறுவார். அவர் மனைவி தனம் சமைப்பார். நான் ரெப்பாக வேலைக்குச் சேர்ந்த புதிதில், டார்கெட் முடியாமல் முகம் தொங்கி வந்த நாட்களில், என்ன ஏது என்று கேட்காமல் இலையில் ஒரு முட்டை கூடுதலாக விழும். அடுப்படியிலிருந்து தனம் எட்டிப் பார்த்துச் சொல்லி அனுப்பியிருப்பார்.

அந்த வருசமும் முட்டை மாஸ் வாரம் வந்தது. வசந்தாவைக் கூட்டிப் போனேன். சுப்பையா வழக்கம்போல வாயெல்லாம் பல்லாக வரவேற்றார். "வாங்க தங்கச்சி! கடைசியில எங்க மெஸ்ஸுக்கும் வந்துட்டீங்க!"

வசந்தா ஒரு வாய் எடுத்தாள். மென்றாள். தண்ணீர் குடித்தாள். இன்னொரு வாய். பிறகு இலையை மூடாமல் கையைக் கழுவப் போய்விட்டாள்.

வெளியே வந்ததும் சொன்னாள். "இது அது இல்லீங்க."

"எது எது இல்ல?"

"தனம் செஞ்சது இல்ல. சோம்பு தூக்கலா இருக்கு. தேங்கா நேத்து அரைச்சது. கை மாறியிருக்கு."

"நீ இதுக்கு முன்னாடி இங்க சாப்ட்டதே இல்லையே, ஒனக்கு எப்படித் தெரியும்?"

கொஞ்சம் தயங்கினாள். "ரொம்ப வருசத்துக்கு முந்தி ஒரு தடவ பார்சல் வாங்கிட்டு வந்து வெச்சுட்டுக் குளிக்கப் போனீங்க. அப்படி என்னதான் இருக்கு அதுலன்னு ஒரு வாய் தின்னு பாத்தேன்." எனக்கு முகம் காட்டாமல் வேகமாக நடந்தாள். "அந்த ருசி மறக்கல. நம்ம வீட்ல நான் செய்யிறதே அதப் பாத்துத்தான்."

இதை வைத்து நாள் முழுக்கக் கேலி செய்திருக்கலாம். ஆனால் சிரிக்கும் நிலைமையில் நான் இல்லை. இதை எப்படி எழுதுவது? நன்றாக இல்லை என்று எழுதினால் சுப்பையாவின் பிழைப்பு. நன்றாக இருக்கிறது என்று எழுதினால், அடியில் 'சாப்பிட்டது வசந்தா' என்று வரும் வரி பொய். எழுதாமலே விட்டால், வருசா வருசம் வந்த மெஸ் ஏன் வரவில்லை என்று ஊர் பேசும்.

"நல்லா இல்லாதத நல்லாருக்குன்னு நான் சொல்லமாட்டேன். ஆனா எழுதறதுக்கு முந்தி போய்க் கேளுங்க. கை மாறுனா ஒரு காரணம் இருக்கும்ல" என்றாள்.

மறுநாள், மதியக் கூட்டம் ஓய்ந்த பிறகு போனோம். சுப்பையா முதலில் ஒப்புக்கொள்ளவில்லை. "எல்லாம் அதே கைதான் சார். வெயில்ல தேங்கா கொஞ்சம் முன்னப் பின்ன இருக்கும்" என்றார்.

"அண்ணே, தனம் எங்க?" என்றாள் வசந்தா.

"மக வீட்டுக்குப் போயிருக்கு, மதுரைக்கு."

"எப்ப வாராங்க?"

சுப்பையா மேஜையைத் துடைத்தார். துடைத்த இடத்தையே மறுபடி துடைத்தார். பிறகு துணியை அப்படியே விட்டுவிட்டு உட்கார்ந்தார்.

"போகல தங்கச்சி. பின்னாடி வீட்லதான் படுத்திருக்கு. பொங்கல் கழிச்சு வலது கை இழுத்துக்கிச்சு. காலு தப்பிச்சது. ஆஸ்பத்திரியில பாத்து அனுப்பிட்டாங்க. தெனம் கைக்குப் பயிற்சி குடுத்தா சரியாகும்னு சொல்றாங்க. அது வெளிய வரமாட்டேங்குது. யாருக்கும் சொல்லாதீங்கன்னு என் தலையில அடிச்சுச் சத்தியம் வாங்கிருச்சு. சமையலுக்கு ஒரு மாஸ்டர வெச்சு ஓட்டுறேன்."

கண்ணைத் துடைத்துக்கொண்டார். நான் அவர் தோளில் கை வைத்தேன். வசந்தா எழுந்து, அடுப்படி வழியாகப் பின்பக்கம் போனாள்.

தனம்

உள்ளே நடந்ததை வசந்தா பின்னால் எனக்குச் சொன்னாள்.

தனம் கட்டிலில் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாராம். ஆள் வந்தது தெரிந்தும் திரும்பவில்லை. எப்படி இருக்கீங்க, என்ன ஆச்சு என்றெல்லாம் வசந்தா கேட்கவில்லை. கட்டில் ஓரமாக உட்கார்ந்து, "முட்டை மாஸுக்குச் சோம்ப வறுத்து அரைப்பீங்களா, பச்சையாவா?" என்று கேட்டாள்.

தனம் போர்வையை இழுத்துக்கொண்டார்.

"இல்ல, நேத்து கடையில சாப்ட்டேன். சோம்பு மட்டும்தான் தெரிஞ்சுது. அதான் கேட்டேன்."

சுவர்ப் பக்கமிருந்து குரல் வந்தது. "யாரு அவ்ளோ போட்டது?"

"ஒங்க மாஸ்டரு."

"பாவி! படிச்சுப் படிச்சுச் சொன்னேனே, ஒரு சிட்டிகைன்னு!" என்று தனம் இடது கையை ஊன்றி எழுந்து உட்கார்ந்துவிட்டார். அதற்குப் பிறகுதான் எதிரில் உட்கார்ந்திருப்பது யார் என்றே கேட்டாராம்.

மறுநாளிலிருந்து காலையில் வசந்தாவின் ஸ்கூட்டி அங்கே நின்றது. கைப்பயிற்சி கொடுக்கும் இடம் அடுத்த தெருவில்தான். முதல் நாள் தனம் முந்தானையால் வலது கையை முழுக்க மூடிக்கொண்டு, தலையைக் குனிந்துகொண்டு பின்னால் உட்கார்ந்தார். "யாராச்சும் கேட்டா என்ன சொல்றது?" என்றார். "கேட்டா நான் சொல்லிக்கிறேன், நீங்க கெட்டியாப் பிடிச்சுக்கங்க" என்றாள் வசந்தா. கேட்டவர்கள் கேட்டார்கள். இவள் சொன்னாள். வானம் இடிந்து விழவில்லை. பூக்காரம்மா ஒரு முழம் கூடுதலாக அளந்து, "வந்துட்டியா தாயி" என்று மட்டும் சொன்னாராம்.

பயிற்சி முடிந்ததும் இருவரும் நேராக மெஸ்ஸின் அடுப்படிக்கு வருவார்கள். பிளாஸ்டிக் நாற்காலி போட்டுத் தனம் உட்காருவார். மாஸ்டர் வாணலியில் கை வைக்க, இவர் வாயால் சமைப்பார். "வெங்காயம் இன்னும் வதங்கணும்ப்பா. அடுப்பக் கொற. இப்பத் தேங்கா. சோம்பு டப்பாவ என்கிட்ட குடு, நீ தொடாத." மாஸ்டர் நல்ல மனுஷன். கோபித்துக்கொள்ளவில்லை. "அக்கா வந்தது எனக்குத்தான் நிம்மதி சார். திட்டு வாங்குனாலும் சோறு நல்லா வருது" என்று என்னிடம் சொன்னார்.

நான் அந்த வாரப் பக்கத்தில் வேறு விஷயம் எழுதினேன். அடுத்த வாரமும் வேறு. டீக்கடையில் கேட்டவர்களிடம், "வரும், பொறுங்க" என்றேன்.

ஒரு நாள் மதியம் வசந்தா போன் செய்தாள். "மாடிப்படிக்கு வாங்க."

போனேன். அவள் இலையில் முட்டை மாஸ். என் கண் முன்னாலேயே ஒரு வாய் எடுத்தாள். அடுப்படி வாசலில் நாற்காலியோடு தனம். அவருக்குப் பின்னால் மாஸ்டர். பக்கத்தில் சுப்பையா, கையில் தண்ணீர்ச் சொம்பு, ஊற்ற மறந்து நிற்கிறார்.

வசந்தா மென்று விழுங்கிவிட்டு என்னைப் பார்த்தாள். "எழுதிக்கங்க. திருட்டுத்தனமா ஒரு வாய் தின்னுட்டு, இன்னொரு வாய் கெடைக்காதான்னு இத்தன வருசமா ஏங்குன ருசி. அதே ருசி."

சுப்பையா சொம்பை வைத்துவிட்டு வெளியே போய்விட்டார். கொஞ்ச நேரம் கழித்து, முகம் கழுவிக்கொண்டு வந்தார்.

எனக்காக ஒரு இலை

அன்றைக்கு நான் கிளம்பும்போது தனம் கூப்பிட்டார்.

"வசந்தா எல்லாம் சொன்னுச்சு. ஒங்களுக்கு மூக்கு போயிருச்சாம்ல?"

"ஆமா தனம்."

"புளிப்பு தெரியுதா?"

"தெரியுது."

"காரம்?"

"தெரியும்."

"சூடு, குளுச்சி?"

"தெரியும்."

"மொறுமொறுன்னு இருந்தா பல்லுக்குத் தெரியும்ல?"

"ம்."

"அப்பறம் என்ன? முக்கால்வாசி இருக்கே. போனத நெனச்சே சாப்ட்டா உள்ளது எப்படித் தெரியும்? நாளைக்கு மத்தியானம் வாங்க" என்றார்.

மறுநாள் போனோம். இலையில் குழைய வடித்த தயிர்ச்சோறு. மண்பானைத் தண்ணீருக்குள் பாத்திரத்தை இறக்கி வைத்து ஜில்லென்று ஆக்கியிருந்தார்கள். அதில் பொடிப்பொடியாக மாங்காய், இஞ்சி. மேலே வறுத்த கடலையும் நொறுக்கிய வடகமும் கடைசி நிமிஷத்தில் தூவியது. பக்கத்தில் கறுக்கப் பொரித்த மோர்மிளகாய். ஓரத்தில், அடுப்பிலிருந்து இறங்கிய சூட்டோடு, வெள்ளைக்கரு முறுகும் வரை மிளகில் புரட்டிய முட்டை. எல்லாவற்றையும் தனம்தான் வைத்தார், இடது கையால், மெதுவாக. இடது கையால் பரிமாறுவதற்கு அவர் கூச்சப்பட, "வைங்க தனம், இங்க யாரு பாக்குறா" என்றாள் வசந்தா.

முதல் வாயில் குளிர்ச்சி வந்தது. அடுத்த நொடி மாங்காய், தாடை ஓரத்தில் சுள்ளென்று. கடலை உடைந்தது. வடகம் நொறுங்கும் சத்தம் காதுக்குள் கேட்டது. மோர்மிளகாயின் உப்பு, அதன் பின்னால் காரம். முட்டையின் சூடு. வாய்க்குள் ஒவ்வொன்றாக வந்து கதவைத் தட்டின. வாசம் இன்னும் இல்லைதான். ஆனால் அந்தக் காய்ச்சலுக்குப் பிறகு, கடனே என்று விழுங்காமல், அடுத்த வாய்க்கு ஆசைப்பட்டுச் சாப்பிட்டது அன்றைக்குத்தான்.

"இன்னும் கொஞ்சம் போடுங்க" என்றேன்.

பக்கத்தில் உட்கார்ந்திருந்த வசந்தா சட்டென்று வாசல் பக்கம் திரும்பிக்கொண்டாள். "என்னா வெயிலு, கண்ணெல்லாம் எரியுது" என்று முந்தானையால் துடைத்துக்கொண்டாள். நாங்கள் இருந்தது மாடிப்படிக்குக் கீழே. அங்கே வெயிலே வராது.

அந்த இலையை நான் எந்தப் பக்கத்திலும் எழுதியதில்லை. அது கடையில் விற்கும் சாப்பாடு இல்லை. இன்றைக்குத்தான் முதல்முறையாக எழுதுகிறேன். எத்தனையோ டாக்டர்களின் வாசலில் காத்திருந்தவன் நான். எனக்கு வைத்தியம் நடந்தது என்னவோ அந்த அடுப்படியில்தான்.

தார் வாசம்

மூக்கு திரும்பி வந்த கதையையும் சொல்லிவிடுகிறேன். கேட்டு நிறையப் பேர் போன் செய்கிறீர்கள்.

மல்லிகைப்பூ, மழை என்று அழகாக ஏதாவது ஒன்றில் திரும்பியிருந்தால் எழுத வசதியாக இருந்திருக்கும். எங்கள் தெருவில் ரோடு போட்டார்கள். கொதிக்கும் தாரைக் கடந்து போகும்போது மூக்கில் ஏதோ குத்தியது. நின்றேன். மறுபடி இழுத்தேன். தார்! நாற்றம்தான், ஆனால் எனக்குச் சந்தனம் மாதிரி இருந்தது. அங்கேயே நின்று கண்ணை மூடி இழுத்துக்கொண்டிருந்தேன். வேலை செய்துகொண்டிருந்த ஒரு அம்மா, "அய்யா, மயக்கமா வருதா? அங்கிட்டு நெழல்ல உக்காருங்க" என்று கையைப் பிடித்தார்.

அதற்குப் பிறகு ஒவ்வொன்றாக வந்தது, கோணல்மாணலாக. கொஞ்ச காலம் காபியில் டயர் எரிகிற வாடை. இப்போது காபி காபியாகிவிட்டது. கொத்தமல்லி இன்னும் வரவில்லை. பலா தூரத்தில் கேட்கிறது. போதும்.

இந்த வருசம் கோடைப் பக்கம் தொடங்கும் நேரத்தில் ஆசிரியர் கேட்டார். "இனிமே நீங்களே சாப்ட்டு எழுதலாம்ல சார், அடியில அந்த வரிய எடுத்துரவா?" எடுக்காதீர்கள் என்றேன். வாசகர்கள் சட்டை செய்வது என் எழுத்தை இல்லை, அவள் நாக்கை என்பது எனக்குத் தெரியும். பஸ் ஸ்டாண்டில் இப்போது என்னிடம் யாரும் எங்கே போகலாம் என்று கேட்பதில்லை. "மேடம் என்ன சொல்றாங்க?" என்றுதான் கேட்கிறார்கள்.

போன வாரம் கடற்கரைப் பக்கம் நண்டு சாப்பிடப் போக வேண்டியிருந்தது. இப்போது மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகு போகாது. ஆனால் கோட்டைப்பட்டினம் பக்கத்தில் நாட்டுப்படகில் போய் வருகிறவர்கள் கொண்டுவருவதை அன்றைக்கே சமைத்துக் கொடுக்கும் வீட்டுக்கடைகள் உண்டு. நானும் சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பினேன்.

"நீங்க எங்க?" என்றாள் வசந்தா.

"நண்டுக்கு."

"நானும் தனமும் போறோம். பொம்பளைங்க மட்டும். சோறு வடிச்சு வெச்சிருக்கேன், ரசம் இருக்கு."

அறந்தாங்கி பஸ்ஸில் ஏற்றிவிட்டு வந்தேன். இருவரும் ஜன்னல் பக்கத்து சீட்டுக்காகச் சின்னப்பிள்ளைகள் மாதிரி சண்டை போட்டார்கள். தனம் ஜெயித்தார்.

மதியம் ரசத்தை ஊற்றிக்கொண்டு உட்கார்ந்தபோது போன் வந்தது. எடுத்தவுடன் காற்று இரைச்சல்.

"கேக்குதா? கடலு பக்கத்துலயே உக்காந்திருக்கோம். நண்டு வந்திருச்சு. இருங்க, ஒண்ணு சொல்லணும்." குரல் திடீரென்று தாழ்ந்தது. "தனம் ஓட்ட ஒடைக்கிறாங்க. வலது கையால. யாரும் சொல்லல, அவங்களே எடுத்து ஒடைச்சிட்டாங்க. அவங்களுக்கே தெரியல போலருக்கு. நானும் சொல்லல."

அவ்வளவு சொல்லிவிட்டுப் போனை மேஜை மேல் வைத்தாள் போலிருக்கிறது. கட் செய்ய மறந்துவிட்டாள்.

தட்டுகள் நகரும் சத்தம். ஓடு உடையும் சத்தம். தனம் ஏதோ சொல்ல, வசந்தா பதில் சொல்ல, இரண்டு பேரும் மூச்சு முட்டச் சிரித்தார்கள். என்ன பேச்சு என்று காற்றில் சரியாகக் கேட்கவில்லை. என்னைப் பற்றித்தான் இருக்கும். ரசம் ஆறிக்கொண்டிருந்தது. நான் போனைக் காதிலிருந்து எடுக்காமல் அப்படியே கேட்டுக்கொண்டிருந்தேன்.